நான் தராத சான்றிதழ்

எங்கள் கல்லூரியின் கரஸ்பாண்டன்ட் பொய் சொன்னார். வாய் தவறிச் சொல்லவில்லை. தெரிந்தே சொன்னார். மேடையில் நின்று, மைக்கைப் பிடித்து, என் பெயரில் சொன்னார்.

கல்லூரி நாள் விழா. கோடை தொடங்கிவிட்டது. தகரப் பந்தலுக்குள் அனல். சிவப்புத் துணி போர்த்திய பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆசிரியர்கள், பின்னால் பெற்றோர்கள், அவர்களுக்கும் பின்னால் பையன்களின் விசில். காகிதக் கோப்பையில் கொடுத்த ரோஸ்மில்க் கையிலேயே சூடாகிக்கொண்டிருந்தது.

கரஸ்பாண்டன்ட் வரவு செலவு, வேலைவாய்ப்பு, ஒழுக்கம் என்று எல்லாவற்றையும் பேசி முடித்தார். பிறகு குரலை இறக்கினார்.

"புது பிளாக் போர்டிகோவுல விரிசல் விட்டுருச்சுன்னு யாரோ வாட்ஸ்அப்புல கிளப்பி விட்டுருக்காங்க. பெத்தவங்க பயப்பட வேணாம். கோர்ட்டே கூப்பிட்டுக் கேக்குற நிபுணர் நம்ம காலேஜ்லதான் இருக்காங்க. நம்ம சிவில் மேடமே மேல ஏறிப் பாத்துட்டாங்க. வெறும் பூச்சு விரிசல்தான், ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. மேடம், எந்திரிங்க. எல்லாரும் மேடத்துக்கு ஒரு கைதட்டுக் குடுங்க."

கை தட்டினார்கள். நான் எழுந்தேன்.

"நான் அப்படிச் சொல்லலீங்க" என்றேன். சாதாரணமாக அல்ல, தொண்டை கிழியக் கத்தினேன். ஆனால் அதற்குள் அடுத்த நடனத்துக்குப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். ஸ்பீக்கர் என் காதுக்குப் பக்கத்தில். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

என் வாய் அசைவதைப் பார்த்தவர்கள் நான் நன்றி சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பக்கத்து நாற்காலி பிசிக்ஸ் டீச்சர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "ஒக்காருங்க மேடம், ஒங்களப் பத்தி நல்லாத்தானே பேசுறாரு."

இந்தத் தொடரில் இத்தனை வாரமும் அடுத்தவர் வீட்டு இடிபாடுகளைப் பற்றி எழுதினேன். படித்துச் சிரித்தீர்கள். இந்த வாரம் எங்கள் இடம்.

விழுந்த பிறகு அழைக்கப்படுகிறவள்

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கட்டடப் பொறியியல் பாடம் நடத்துகிறவள். அதோடு, கட்டடம் விழுந்தால் ஏன் விழுந்தது என்று ஆராய்ந்து கோர்ட்டுக்கோ, காப்பீட்டுக்காரர்களுக்கோ, அடித்துக்கொள்ளும் இரண்டு பக்கத்தாருக்கோ சொல்கிறவள். இதற்குத் தடயப் பொறியியல் என்று பெயர். புதுக்கோட்டைப் பக்கம் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'இடிஞ்ச மேடம்'.

என்னைக் கிரகப்பிரவேசத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. போன வருடம் சொந்தச் சித்தி மகள் போன் செய்தாள். "அக்கா, நீ ஒண்ணும் தப்பா எடுத்துக்காத. நீ வரவேணாம். சாப்பாட்ட டிபன் கேரியர்ல குடுத்து விடுறேன்." கொடுத்தும் விட்டாள். வடை நன்றாக இருந்தது.

இந்த வேலையில் நான் முதலில் கற்றது, எல்லா ஊரிலும் முதல் குற்றவாளி மழை என்பதுதான். கந்தர்வகோட்டைப் பக்கம் ஒரு முந்திரிக்கொட்டைக் கிடங்கின் சுவர் சாய்ந்தது. "மழைங்க" என்றார்கள். அந்த வருடம் மழையே இல்லை. ஏரியில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதைச் சொன்னேன்.

கிடங்குக்காரர் யோசிக்கவே இல்லை. "அதாங்க, மழ பெய்யல. அதான் விழுந்துருச்சு" என்றார்.

அதில் பாதி உண்மை இருந்தது என்பதுதான் எரிச்சல். பழைய வாய்க்காலை மூடி, அந்தக் களிமண் மேலேயே சுவரை எழுப்பியிருந்தார்கள். மண் காய்ந்து சுருங்கியது. சுவர் கூடவே போனது. மூடியது யார் என்று கேட்டதும் எல்லோரும் மறுபடி வானத்தைப் பார்த்தார்கள்.

புத்தகத்தில் இதெல்லாம் கிடையாது. புத்தகத்தில் எந்தக் கட்டடமும் விழாது. நான்கு வருடம் படித்து வெளியே போகிற பிள்ளை, விழுந்த சுவர் ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் போகிறது. பிணத்தையே பார்க்காமல் டாக்டராவதுபோல. அதனால் நான் போகிற இடத்துக்கெல்லாம் கடைசி வருடப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். அப்படிப் போன ஒரு இடம்தான் இந்தக் கதைக்குக் காரணம்.

முதல் சட்டி

ஆலங்குடியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். வீட்டுக்காரரைச் செல்வராசு என்று வைத்துக்கொள்வோம். வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறார். ஊரில் வீடு கட்டினார். முன்பக்கம் பெரிய போர்டிகோ. தூண் கிடையாது. தூண் இல்லாமல் நீட்டிக்கொண்டிருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும் என்பது அவர் ஆசை. காங்கிரீட் இறுகும்வரை அடியில் தாங்கியிருந்த முட்டுகளைப் பிரித்த சில நாளில் அது அப்படியே கீழே மடிந்தது. அடியில் பைக்கில் உட்கார்ந்திருந்த அவருடைய மச்சானுக்குக் கால் எலும்பு முறிந்தது. மேஸ்திரி கருப்பையாமேல் வழக்கு. என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள்.

நாங்கள் போனபோது தளம் சுவரிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. செல்வராசுவின் மனைவி சாந்தி வாசலில் நின்றார். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"ஒங்க வீட்டுக்காரரு வரலீங்களா?"

"அவர் எதுக்குங்க?"

"இல்ல, எஞ்சினியரு அவருதான்னு நெனச்சேன்."

"அவர் பேங்க்ல இருக்கார். எஞ்சினியர் நான்தான்."

"அப்படீங்களா" என்று என் சேலையையும் தலையில் இருந்த ஹெல்மெட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

மேஸ்திரி காத்துக்கொண்டிருந்தார். "அம்மா, சிமெண்டு சரியில்ல. இந்த ஊருல பாதி வீடு நான் கட்டுனதும்மா. ஒண்ணு விழுந்துருக்கான்னு கேளுங்க."

"ஆமா, எங்க வீட்டுலதான் மொதமொதல்ல தெறமையக் காமிச்சிருக்கீங்க" என்றார் சாந்தி.

ஏணி போட்டு உடைந்த முகத்தைப் பார்த்தோம். சிமெண்டு நன்றாகத்தான் இருந்தது. கம்பி இருந்தது. தேவையான கனத்தில் இருந்தது. இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இல்லை.

இதை எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஒரு வாளித் தண்ணீரைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். எங்கே வலிக்கிறது? தோளின் மேல்பக்கம். தூண் இல்லாத போர்டிகோவும் நீட்டிய கைதான். இழுப்பு மேல்பக்கம்தான் வரும். அதனால் முக்கியமான கம்பி தளத்தின் மேல்பக்கத்தில் இருக்க வேண்டும். இங்கே அது அடியில் படுத்திருந்தது. பூச்சைச் சுரண்டினால் தெரிகிற அளவுக்கு அடியில். வலிக்கிற இடத்தை விட்டு அக்குளில் கட்டுப் போட்ட மாதிரி.

மேஸ்திரி சத்தியம் செய்தார். "மேலதாம்மா கட்டுனேன். அடியில சேர் வச்சுத்தான் கட்டுனேன்." சேர் என்பது கம்பி கீழே இறங்காமல் தாங்குவதற்கு வளைத்து வைக்கிற துண்டுக் கம்பி. தேடினோம். இருந்தது. எல்லாம் மிதிபட்ட மாதிரி சப்பையாகக் கிடந்தன. மேஸ்திரி பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் யார் அழுத்தியது?

நான் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டது என் மாணவி வளர்மதி. வாயாடி. வகுப்பில் அவளை அதற்காகப் பலமுறை வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

"அக்கா, தளம் போட்ட அன்னைக்கு யாரு யாரு மேல ஏறுனீங்க?"

சாந்தி சிரித்துவிட்டார். "யாரு ஏறல? மொத சட்டி காங்கிரீட்டு போட்டது எங்க மாமனாரு. அப்பறம் எங்க அம்மா. கொழுந்தனாரு, நாத்தனா, எங்க அண்ணன், அண்ணன் பொண்டாட்டி. ஆளுக்கொரு சட்டி போடலன்னா பெறகு பேச்சாயிரும்ல? அவுக அங்கேயிருந்து வீடியோ கால்ல பாத்துக்கிட்டு இருந்தாக. 'மொகம் தெரியல, எல்லாரும் ரோட்டுப் பக்கமா முன்னால வாங்க'ன்னாக. அங்கிட்டுத்தான் வெளிச்சம். எல்லாரும் முன்னால போயி நின்னோம்."

முன்னால் என்றால் போர்டிகோ. காங்கிரீட் விழாத வெறும் கம்பி வலை. அதன் மேல் ஒரு குடும்பமே நின்று, கையில் இரும்புச் சட்டியோடு, வளைகுடாவைப் பார்த்துச் சிரித்திருக்கிறது.

"நான் சொன்னேம்மா, மிதிக்காதீங்கன்னு" என்றார் மேஸ்திரி.

"எங்க சொன்னீக? மாலையப் போட்டுக்கிட்டு நடுவுல நின்னது யாரு?"

உள்ளே கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு கிடந்த மச்சான் குரல் கொடுத்தார். "நான் ரெண்டு சட்டி போட்டேன்."

"ஒன்னைய யாரு கேட்டா?" என்றார் சாந்தி.

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும்தான். அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு ஏணியில் நின்றபடியே சொன்னேன்: கூட்டம் இறங்கிய பிறகு கம்பியைத் தூக்கி மறுபடி நிறுத்தாமல் காங்கிரீட்டைக் கொட்டியது மேஸ்திரியின் தப்பு. கூட்டத்தை அங்கே ஏற்றியது வீட்டுக்காரரின் தப்பு. அறிக்கையிலும் அதையே எழுதினேன். இரண்டு பக்கமும் என்னைத் திட்டின. அதனால் அறிக்கை சரியாக இருந்தது என்று தெரிந்துகொண்டேன். பிறகு அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள்.

செல்வராசு அங்கிருந்து ஒருநாள் கூப்பிட்டார். "மேடம், நான் முன்னால வாங்கன்னு சொன்னதுதான் காரணமா?"

"அதுவும் ஒரு காரணங்க."

பிறகு சொன்னார், "அந்த வீடியோவ இன்னும் வச்சிருக்கேன் மேடம். நல்லா வந்துருக்கு."

பாடத்தில் சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "சொல்லுங்க. பேரு மட்டும் வேணாம், பொண்ணு இருக்கு" என்றார். அதனால்தான் இங்கே எல்லாப் பெயரும் மாற்றிய பெயர்.

சாம்பார் அண்டாவுக்கு அடியில்

உடைந்த தளத்தில் ஒரு பெரிய துண்டைக் கேட்டு வாங்கி, குட்டியானை வண்டியில் ஏற்றிக் கல்லூரிக்குக் கொண்டுவந்தேன். கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு. ஆய்வகத்தின் வாசலில் வைத்தேன். ஒரு பாடப்புத்தகம் முழுக்கச் சொன்னாலும் ஏறாதது, அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்தால் ஏறியது.

அதோடு விடவில்லை. பிள்ளைகள் சின்னச் சின்னத் தளங்களை வார்த்தார்கள். சிலவற்றில் கம்பி சரியான இடத்தில். சிலவற்றில் ஏறி மிதித்த பிறகு. "நீ மாமனாரு, நீ மச்சான், நீ வீடியோ எடு" என்று பங்கு பிரித்துக்கொண்டு மிதித்தார்கள். பிறகு எடை ஏற்றி உடைத்தோம். மச்சான் மிதித்தது முதலில் உடைந்தது. எவ்வளவு மிதித்தால் எவ்வளவு இறங்கும், எவ்வளவு இறங்கினால் எவ்வளவு வலு போகும் என்று ஒரு கட்டுரை எழுதி வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினோம். அங்கிருந்து ஒரு கேள்வி வந்தது: கம்பியின் மேல் உறவினர்கள் ஏன் நிற்கிறார்கள், தயவுசெய்து விளக்கவும்.

விளக்கினேன். இன்னும் பதில் இல்லை.

சிரிக்கலாம். ஆனால் இங்கேதான் ஆராய்ச்சி இருக்கிறது. முதல் சட்டி போடுகிற வழக்கம் எந்த நாட்டு விதிப்புத்தகத்திலும் இல்லை. நம் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அதை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? நான் அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பலகை போட்டு அதன் மேல் நில்லுங்கள், சுவருக்கு மேலே நின்று போடுங்கள் என்கிறேன். அவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு வீடு விழ வேண்டியிருந்தது. விழுந்த பிறகும் பேசி முடித்து, அறிக்கையை மூடி வைத்துவிட்டால், பக்கத்து ஊரில் அடுத்த மச்சான் பைக்கில் உட்கார்ந்திருப்பார்.

கல்லூரியின் தரத்தைப் பார்க்க ஒரு ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. கரஸ்பாண்டன்ட் ஆய்வக வாசலுக்கு வந்தார். துண்டைப் பார்த்தார்.

"என்ன மேடம், நொழையுறப்பவே இடிஞ்ச துண்டா? நம்ம கட்டுனதுன்னு நெனைக்க மாட்டாங்க?"

நியாயமான பயம் என்று நினைத்து ஒரு பலகை எழுதி மாட்டினேன்: 'இது நம் கல்லூரி கட்டியது அல்ல.' அதைப் பார்த்து அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

மறுநாள் துண்டைக் காணவில்லை. கேண்டீனுக்குப் பின்னால் கிடந்தது. கழுவிய சாம்பார் அண்டாவை அதன் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஆய்வுக் குழுவைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போய் ஓவியம் காட்டினார்கள். ஆராய்ச்சியைப் பார்க்க வந்தவர்கள் ஓவியத்தில் தாமரைக் குளத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அண்ணாந்து பார்த்த பிள்ளைகள்

புது பிளாக்கின் முன்னால் எங்களுக்கும் ஒரு போர்டிகோ இருக்கிறது. தூண் இல்லாதது. சாயங்காலம் கல்லூரி பஸ் வரும்வரை பிள்ளைகள் அதன் நிழலில்தான் நிற்பார்கள். வளர்மதியும் அவள் கூட்டாளிகளும் ஒருநாள் என் அறைக்கு வந்தார்கள்.

"மேடம், போர்டிகோ மேல ஏறிப் பாத்தோம்."

"யாரைக் கேட்டு ஏறுனீங்க?"

"கேட்டா விடுவாங்களா?"

நானும் ஏறினேன். முதல் மாடி வராந்தா ஜன்னல் வழியாக இறங்கினால் போதும். தளம் சுவரோடு சேர்கிற இடத்தில், தோள் வலிக்கும் என்றேனே அதே இடத்தில், இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே கோடாக விரிசல். யாரோ வெள்ளை சிமெண்டு வைத்து அடைத்திருந்தார்கள். அடைத்த பிறகு அந்த அடைப்பே மறுபடி பிளந்திருந்தது.

"பூச்சு விரிசலா இருந்தா அங்கிட்டும் இங்கிட்டும் கோணமாணையாத்தானே ஓடும்? இது ஸ்கேலு வச்சு இழுத்த மாதிரி இருக்கு மேடம்" என்றாள் வளர்மதி.

பாத்ரூம் குழாயிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் பிடித்து ஊற்றிப் பார்த்தோம். மழைநீர்க் குழாய் சுவர்ப் பக்கம் இருக்கிறது. தண்ணீர் அங்கே போகவில்லை. எதிர்ப்பக்கம், வெளி விளிம்புக்குப் போய்த் தேங்கியது. விளிம்பு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

வரவேற்பறைச் சுவரில் ஒரு பெரிய போட்டோ மாட்டியிருக்கிறது. தளம் போட்ட அன்று எடுத்தது. நான் அன்று விடைத்தாள் திருத்த வெளியூர் போயிருந்தேன். கரஸ்பாண்டன்ட், முதல்வர், துறைத் தலைவர்கள், நன்கொடை கொடுத்தவர்கள் என்று எல்லோரும் பொன்னாடையோடு, ஆளுக்கொரு சட்டியோடு, போர்டிகோவின் முனையில் வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் கல்லூரியின் பெயர்ப்பலகை முழுதாகத் தெரிகிறது. நல்ல போட்டோகிராபர்.

"செல்வராசு அண்ணன் வீட்டுல நின்னவுகளாச்சும் எடை கம்மி மேடம்" என்றாள் வளர்மதி.

வாயை மூடு என்றேன். போட்டோ சாட்சி ஆகாது. விரிசல்கூட முழுச் சாட்சி இல்லை. ஒரு கை அகலத்துக்குக் கொத்தி, கம்பி எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் சாட்சி. என் பாடத்தின் முதல் விதி அது.

ஏசி அறையில்

மறுநாள் காலையில் கரஸ்பாண்டன்டின் அறைக்குப் போனேன். காபி வரவழைத்தார். நான் குடிக்கவில்லை.

"போர்டிகோவுக்கு முட்டுக் குடுங்க சார். பிள்ளைங்கள அடியில நிறுத்தாதீங்க. ஒரு கை அகலம் கொத்திப் பாத்துருவோம்."

"அட்மிஷன் டயம் மேடம். முட்டுக் குடுத்து நிறுத்துனா பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?"

"விரிசல் விட்டுருக்குன்னு நெனைப்பாங்க."

அவர் சிரித்தார். "சரி, நேரடியாவே கேக்குறேன். விழுந்துருமா?"

"தெரியாது சார்."

"ஒங்களுக்கே தெரியாதா?"

"கொத்திப் பாக்காம விழும்னும் சொல்ல முடியாது, விழாதுன்னும் சொல்ல முடியாது."

"அப்ப விழும்னு நீங்க சொல்லல."

"விழாதுன்னும் சொல்லல சார்."

"அதெல்லாம் இருக்கட்டும் மேடம். விழும்னு சொல்லல. அது போதும் எனக்கு."

நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அந்த இடிஞ்ச கட்டடப் பாடத்த அடுத்த வருஷமும் நடத்தணும்னு கேட்டீங்கள்ல? லேப்புக்குப் பணமும் கேட்டுருந்தீங்க. நல்லாருக்குன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. ரெண்டையும் பண்ணிக்கலாம்."

"பாக்காம எழுதிக் குடுக்கக் கூடாதுங்கறதுதான் சார் அந்தப் பாடமே" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அடுத்த வருடப் பாடப் பட்டியலில் என் பாடம் இல்லை.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைகளைப் பரீட்சை எழுத விட்டவர். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் இப்படிச் செய்வதால்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஊர் ஊராகப் போய் அடுத்தவன் தப்பை எழுதிக் கொடுக்கிறவள், சம்பளம் வாங்குகிற இடத்தில் ஒரு சுத்தியலைத் தூக்க முடியவில்லை. நான் சொன்ன 'தெரியாது' என்ற ஒரு சொல், ஏசி அறைக்குள் கிடந்து, மேடைக்கு வரும்போது சான்றிதழாகிவிட்டது.

விழா முடிந்த பிறகு

இனி மறுபடி அந்த விழா நாளுக்கு வருகிறேன். கைதட்டல், பாட்டு, நடனம் எல்லாம் முடிந்து கூட்டம் கலைகிற நேரம். கோடை மழை பிடித்துக்கொண்டது. முதலில் புழுதி வாசனை, அடுத்து காற்று, அடுத்து ஊசி ஊசியாகச் சாரல். பந்தல் ஒழுகியது. கூட்டம் ஓடியது.

எங்கே ஓடியது? போர்டிகோவின் அடிக்கு.

பிள்ளைகள், தாய்மார்கள், கைக்குழந்தைகள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். போர்டிகோவின் மேல், விளிம்பில் தேங்குகிற தண்ணீர்தான் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. மழையில் நின்றுகொண்டு கத்தினேன். "வெளியில வாங்க! வராந்தாவுக்குள்ள போங்க! அங்க நிக்காதீங்க!"

ஒரு தாய் முந்தானையால் குழந்தையின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார்.

"டீச்சர், ஏன் நனையிறீங்க? இங்கிட்டு வாங்க, எடம் இருக்கு. நீங்கதானே நல்லாருக்குன்னு சொன்னீங்க!"

"நான் சொல்லலம்மா!"

"ஐயா மேடையில சொன்னாகளே!"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நனைந்ததில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். வளர்மதியும் நான்கைந்து பிள்ளைகளும்தான் ஆட்களைக் கையைப் பிடித்து வராந்தாவுக்குள் இழுத்துவிட்டார்கள். பாதிப் பேர் வந்தார்கள். மீதிப் பேர் மழை விடும்வரை அங்கேயே நின்றார்கள். என்னை நம்பி நின்றார்கள்.

விழவில்லை. அன்று விழவில்லை. "இத்தன பேரு நின்ன அன்னைக்கே ஒண்ணும் ஆகல பாத்தீங்களா?" என்று இப்போது அதையே ஆதாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் கரஸ்பாண்டன்ட். ஆட்கள் நின்றது தளத்துக்கு அடியில், மேலே இல்லை என்பதுகூட அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மறுநாள் நான் எழுத்தில் கொடுத்தேன். நான் சான்று சொல்லவில்லை, முட்டுக் கொடுங்கள், கொத்திப் பாருங்கள் என்று. இன்றுவரை பதில் இல்லை. எழுதாதே, வேலை போய்விடும் என்று வீட்டில் சொன்னார்கள். போகட்டும். என் பெயரை நம்பி யாரோ ஒரு தாய் அங்கே குழந்தையோடு நிற்பதைவிட அது பெரிய விஷயமில்லை.

கரஸ்பாண்டன்ட் அவர்களே, அன்று மைக் உங்கள் கையில் இருந்தது. இன்று இந்தப் பக்கம் என் கையில் இருக்கிறது. இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, பதில் சொல்லுங்கள். பூச்சு விரிசல்தான் என்று நான் உங்களிடம் எப்போது சொன்னேன்? நான் சொல்லவில்லை என்றால் வேறு யார் ஏறிப் பார்த்தார்கள்? அந்தக் கம்பி எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது?

இதற்கெல்லாம் பதில் இல்லை என்றால் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் சொல்லுங்கள். புது பிளாக் திறந்த நாளிலிருந்து உங்கள் கார் அந்த போர்டிகோவின் அடியில்தான் நிற்கும். ஏசி அறையில் நான் பேசிவிட்டுப் போன மறுநாளிலிருந்து அது மைதானத்தின் ஓரத்தில், வெட்டவெயிலில் நிற்கிறது. விழாவுக்கு முன்பிருந்தே நிற்கிறது. உங்கள் டிரைவரிடம் கேட்டேன். "ஐயாதான் இனிமே அங்கிட்டு விட வேணாம்னாக" என்றார்.

பிள்ளைகள் இன்று சாயங்காலமும் அங்கேதான் பஸ்ஸுக்கு நின்றார்கள். காரை ஏன் எடுத்தீர்கள்? பெற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.